உப்புநிலத்துக்குக் காங்கேயம் மாடு வாங்கலாமா?

கேள்வி இதுதான்: முத்துப்பேட்டைப் பக்கம் ஐந்து ஏக்கர் நிலம், அதில் பாதி உப்பு ஏறிய மண். இரண்டு ஜெர்சிக் கலப்பின மாடு வைத்திருந்து, உண்ணிக் காய்ச்சலும் மருந்துச் செலவும் பார்த்து வெறுத்துப்போய் விற்றாயிற்று. நாட்டு மாடு வெயில், வறட்சி, நோய் எல்லாவற்றையும் தாங்கும் என்கிறார்கள். நாலு காங்கேயம் பசு வாங்கி விட்டால் பாலும் ஆகும், பராமரிப்பும் குறையும், சரிதானே?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காங்கேயம் வேண்டாம். உங்கள் மண்ணுக்கென்றே உம்பளச்சேரி என்று ஒரு மாடு இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறது. அதையும் பால் வியாபாரத்தை நம்பி வாங்காதீர்கள். கொங்கிலும் டெல்டாவிலும் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் இதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாட்டு மாடு என்றால் எல்லாவற்றையும் தாங்கும் என்ற பேச்சை நம்பிப் பணம் போட்டு, இரண்டு வருஷத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர்.

நாட்டு மாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சில பலங்கள் உண்டு. திமில் உள்ள நம் மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, அதிகம், தோலின் மேற்பரப்புக்கு நெருக்கமாக இருப்பவை. முடி குட்டையாக, வழவழப்பாக இருக்கும். வெள்ளை முடிக்கு அடியில் தோல் கறுப்பு. வெள்ளை முடி வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுத்த தோல் மிச்சத்தைத் தடுக்கும். தோலை வெடுக்கென்று உதறி ஈயை விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உண்ணி கடித்த இடத்தில் அதன் உடம்பு காட்டும் எதிர்ப்பும் பலமானது. அதனால் ஒரே மேய்ச்சலில் கலப்பினத்தின் மேல் ஏறும் அளவுக்கு நாட்டு மாட்டின் மேல் உண்ணி நிலைப்பதில்லை. உங்கள் ஜெர்சியை வாட்டியது தைலேரியா போன்ற உண்ணிக் காய்ச்சலாக இருந்தால், அதே ஊரில் நாட்டு மாட்டுக்கு அது பெரும்பாலும் லேசாக வந்து போயிருக்கும்.

தீவன விஷயத்திலும் இப்படித்தான். வெறும் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. அசைபோடும் பிராணிகள் எல்லாமே உடம்பில் உண்டாகும் யூரியாவில் ஒரு பங்கைச் சிறுநீரில் விடாமல், உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் மறுபடி வயிற்றுக்கு அனுப்பும். அங்கே இருக்கும் நுண்ணுயிரிகள் அதிலிருந்து புரதம் செய்துகொள்ளும். திமில் மாடு இந்தச் சிக்கனத்தில் கெட்டிக்காரி. சும்மா நிற்கும்போது அது எரிக்கும் தீனியும் குறைவு.

இங்கேதான் பலர் பார்க்கத் தவறும் ஒரு கணக்கு இருக்கிறது. பால் கறக்கிற மாடு நிறையத் தின்ன வேண்டும், நிறையத் தின்றால் வயிற்றில் நிறையச் சூடு உண்டாகும். அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். ஹோல்ஸ்டீன் என்ற சீமைக் கறவை மாட்டுக்கு 25 டிகிரியைத் தாண்டினாலே சிரமம் ஆரம்பித்துவிடும் என்பதற்கு அதன் தோல் பாதிக் காரணம் என்றால், அது கறக்கும் பால் மீதிக் காரணம். நம் மாடு சித்திரை வெயிலில் நிழல் தேடாமல் மேய்கிறது என்றால், அது கறக்கும் பால் குறைவு என்பதும் அதில் சேர்ந்ததுதான். வெயில் தாங்கவும் வேண்டும், பத்து லிட்டரும் கறக்க வேண்டும் என்று ஒரே மாட்டிடம் கேட்கக் கூடாது. காங்கேயமோ உம்பளச்சேரியோ ஒரு ஈத்துக்கு, அதாவது கன்று போட்டதிலிருந்து கறவை வற்றும் வரை, சராசரியாக 500 லிட்டரை ஒட்டித்தான் கறக்கும், அதில் கன்றுக்கு விட்டதுபோகத்தான் உங்களுக்கு. நாளைக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்றைக் காட்டாமல் மடியில் கை வைத்தால் அதுவும் இறங்காது. கன்று செத்துப்போனால் பலதும் பாலை நிறுத்திவிடும். முதல் ஈத்துக்கு மூன்றரை, நான்கு வயது ஆகிவிடும்.

பொதுப் பலங்கள் இவ்வளவுதான். மற்றபடி ஒவ்வொரு இனமும் எதைத் தாங்கும் என்பது அது எந்த மண்ணில் உருவானது என்பதைப் பொறுத்தது.

காங்கேயத்தை எடுத்துக்கொள்வோம், நீங்கள் கேட்டது அதைத்தானே. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரத்தில் மழை வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மண் சரளை கலந்த மேட்டு மண். அங்கே விவசாயி கண்டுபிடித்த வழி கொறங்காடு. நிலத்தை நாலைந்து ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, சுற்றிலும் முள்கிளுவையை நட்டு உயிர்வேலி வளர்த்துவிடுவார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல். அதற்கிடையே நரிப்பயறு போன்ற கொடிகள் தானாக வரும். அங்கங்கே வெள்வேல மரம். மழை பெய்தால் புல் எழும்பும். மழை நின்ற பின்னும் கொழுக்கட்டைப் புல் நின்றபடியே காய்ந்து, வைக்கோலைவிடச் சத்தாக இருக்கும். கோடையில் புல் தீரும் நேரத்துக்கு வெள்வேலங்காய் உதிர ஆரம்பிக்கும், மாடு பொறுக்கித் தின்னும். ஒரு துண்டில் மேய்ந்து முடித்ததும் படலைத் திறந்து அடுத்த துண்டுக்கு மாற்றிவிடுவார்கள். மேய்க்க ஆள் தேவையில்லை, வேலியே மேய்ப்பன். கொறங்காடு போதாத மாதங்களுக்குச் சோளத்தட்டுப் போர் இருக்கும்.

இந்த ஏற்பாட்டோடு சேர்ந்து வளர்ந்த மாடுதான் காங்கேயம். கன்று பிறக்கும்போது செவப்பு, ஆறு மாதம் வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் தலை, கழுத்து, திமில், பின்தொடை எல்லாம் கறுத்துக்கொண்டு வரும், காயடித்தால் அந்தக் கருமை வெளிறிவிடும். கொங்கில் அதை மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறம் பார்த்துச் சொல்வார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொலிகாளை (இனவிருத்திக்கான காளை) தேர்ந்தெடுத்து வளர்த்த மந்தை இந்த இனத்துக்கு ஒரு பெரிய ஊற்று. அந்தத் தேர்வு எல்லாம் எதற்கு? ஆழமான கிணற்றில் கவலை இறைக்க (மாடு பூட்டித் தோல்பையில் தண்ணீர் இழுக்க), பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுக்க. பால் அந்தத் தேர்வில் வரவே இல்லை. வீட்டுக்கு மோர் ஊற்றும் அளவுக்குக் கிடைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். 1932ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து, அப்புறம் கிணறுகளில் மோட்டார் ஏறி, பிறகு டிராக்டரும் வந்தபோது இந்த மாட்டின் வேலை ஒவ்வொன்றாகப் போயிற்று. கொறங்காட்டையும் காற்றாலையும் மனைப்பிரிவும் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கும் கண்ணபுரத்துத் தேர்த்திருவிழாச் சந்தையில் நல்ல காளைக்கு நல்ல விலை உண்டு. குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கேயம் ஆராய்ச்சி மையமும் இனத்தைக் காப்பதற்கு வேலை செய்கிறது. ஆனால் கொறங்காடு இல்லாத காங்கேயம் கட்டுத்தரையில் நிற்கும் ஒரு செலவுதான். கொங்கிலேயே அப்படித்தான், முத்துப்பேட்டையில் கேட்க வேண்டுமா?

உங்கள் ஊரில் அது என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்கிறேன். வறண்ட சரளையில் நடந்து இறுகிய சின்னக் குளம்பு அதற்கு. கார்த்திகை, மார்கழியில் உங்கள் கட்டுத்தரையே சேறாக இருக்கும்போது அந்தக் குளம்பு ஊறி, விரலிடையில் வெடித்து அழுகும். அடுத்து தட்டைப்புழு. வாய்க்காலிலும் வயலிலும் இருக்கும் நத்தை வழியாக அது புல்லில் ஏறி மாட்டுக்குப் போகும். காங்கேயம் வட்டாரத்தின் வறண்ட மேட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, அதனால் அந்த மாடு இதற்குப் பழக்கப்பட்டதில்லை. கழிச்சல் வந்து, ரத்தம் சோர்ந்து, தாடைக்குக் கீழே தண்ணீர் கோத்துத் தொங்கும்போதுதான் பலருக்குத் தெரியவரும். பட்டினியைத் தாங்குகிற மாடு ஈரத்தில் தோற்றுவிடும். அது மாட்டின் குற்றம் ஆகாது.

உங்கள் மாடு உம்பளச்சேரி. தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி என்ற ஊரின் பெயரே அதற்கு. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், உங்கள் முத்துப்பேட்டை எல்லாம் அதன் சொந்த வட்டாரம்தான். தெற்கத்தி மாடு, மொட்டை மாடு, தஞ்சாவூர் மாடு என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், எல்லாம் இதுதான். மொட்டை என்ற பெயர் வந்தது காளைக் கன்றுகளின் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால். கன்று இதிலும் செவப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறமாகும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நாலு காலும் கீழே வெள்ளை, வால் நுனியும் வெள்ளை. அசல் உருப்படியை அடையாளம் காண இவையே போதும்.

காலைப் பாருங்கள், குட்டை. உடம்பு அடக்கமானது. முழங்கால் சேற்றில் ஏர் இழுக்கும் மாட்டுக்கு உயரம் ஒரு சுமை, கனம் அதைவிடப் பெரிய சுமை. காங்கேயம் காளையை அந்தச் சேற்றில் இறக்கினால் கனத்தால் புதையும். உம்பளச்சேரி காலை வெடுக்கென்று உருவி எடுத்து நடக்கும். டெல்டாவின் ஒட்டும் களிமண்ணில், தண்ணீர் நிற்கும் வயலில், மணிக்கணக்காக வேலை செய்ய வேண்டும் என்று தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்ததன் பலன் அது. தீனியிலும் பாருங்கள், உப்பு மண்ணில் முளைக்கும் உப்பருகு போன்ற புல்லை மேய்ந்தே வளரும். உங்களுடைய உப்பு ஏறிய இரண்டரை ஏக்கரில் நெல் சரியாக வராது, ஆனால் இந்த மாட்டுக்கு அது வீண் நிலம் கிடையாது.

மேய்ச்சலின் வருஷச் சுற்றும் அந்த வட்டாரத்துக்கே உரியது. சம்பா அறுத்த கையோடு ஈரத்தில் உளுந்தும் பயறும் விதைத்திருப்பார்கள், அப்போது வயலில் மாடு இறங்கக் கூடாது. பயறு எடுத்த பிறகு, பங்குனி சித்திரை முதல் ஆற்றில் தண்ணீர் வரும் வரை ஊர் வயல் முழுக்கத் திறந்த மேய்ச்சல். கிடை போட்டால், அதாவது இரவில் மந்தையை வயலிலேயே அடைத்தால், நிலத்துக்கு எரு. சாகுபடி தொடங்கியதும் மாட்டுக்கு மிஞ்சுவது புறம்போக்கும் திடலும் கடலோரத் தரிசும்தான். சிக்கல் இங்கேதான் வந்தது. அந்தத் தரிசுகளில் ஒரு பங்கை இறால் பண்ணை எடுத்துக்கொண்டது, ஒரு பங்கைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. பவர் டில்லர் வந்து ஏர் போயிற்று. அறுவடை மிஷின் வந்த பிறகு வைக்கோலைக் கட்டு கட்டாகச் சுருட்டி லாரியில் ஏற்றி வெளியூருக்கு விற்கிறார்கள். நெல் விளையும் ஊரிலேயே மாட்டுக்கு வைக்கோல் இல்லை என்பது எனக்கு இன்னும் ஜீரணிக்கவில்லை. இந்த இனத்தின் எண்ணிக்கை குறைந்ததற்கு ஜெர்சி சினை ஊசியை மட்டும் குற்றம் சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால் மேய்ச்சல் போனதுதான் முதல் காரணம்.

மற்ற இனங்களின் கதையும் இதையேதான் சொல்கிறது. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருக்கும் செவப்பும் வெள்ளையும் கலந்த மாடு காட்டுக்குள் பட்டி போட்டு வளர்வது, மலைப்பாதையில் வேகத்துக்குப் பேர்போனது, ஆள் கிட்டே வந்தால் மிரளும். அதைக் கொண்டுவந்து சமவெளியில் கட்டிப் பழக்க நினைப்பவருக்குப் பொறுமை வேண்டும். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்கு முழுத்தடை சொல்லி, சில நாளிலேயே அதைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் என்று சுருக்கியது. 2024 தொடக்கத்தில் அதே மலைப்பகுதி தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மலையில் ஆராய்ச்சி நிலையம் வைத்து ஒரு இனத்தைக் காப்பாற்றிக்கொண்டே, அது மேயும் இடத்தை மூடினால் அங்கே மிஞ்சுவது கொட்டகையில் நிற்கும் மாதிரி உருப்படிகள்தான். மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடு கிடையாக ஊர் ஊராக நடப்பது, நடையும் கூட்டமும்தான் அதன் வாழ்க்கை. ஜல்லிக்கட்டால் அதன் காளைக்கு விலை இருக்கிறது. ஆனால் பசுக்களை ஓட்டிக்கொண்டு வெயிலில் நடக்க இளவட்டம் யாரும் வருவதில்லை.

இன்னொரு விஷயம். நாட்டு மாடு என்றதும் குஜராத்திலிருந்து கிர் வாங்கி வரும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. கிர் நல்ல கறவை இனம், மறுக்கவில்லை. சௌராஷ்டிரத்து வறண்ட காட்டுப் பகுதியின் மாடு அது. உங்கள் களிமண்ணுக்கு அதுவும் வெளியூர் மாடுதான், அதுவும் காங்கேயத்தைவிட எட்ட இருந்து வந்தது. வெளியூர் போய் வெற்றி பெற்ற நம் மாடும் உண்டு. நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் மாடு பிரேசிலுக்குப் போய் நெலோர் என்ற பெயரில் அந்த நாட்டு இறைச்சி மாட்டு வளர்ப்பின் முதுகெலும்பாக நிற்கிறது. ஆனால் அங்கே அதற்குக் கிடைத்தது கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளியும், பல பத்தாண்டுத் தேர்வும். நாலு மாடு வாங்கும் நீங்கள் அந்தப் பரீட்சையைச் செய்ய வேண்டியதில்லை.

நோய் பற்றி ஒரு எச்சரிக்கை. நாட்டு மாட்டுக்கு நோயே வராது என்று யாராவது சொன்னால் 2022ஐ ஞாபகப்படுத்துங்கள். தோல் கழலை நோய் 2019ல் ஒடிசாவில்தான் நாட்டில் முதலில் தெரிந்தது. 2022ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பரவி, நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் மாடுகளைக் கொன்றது. செத்தவற்றில் நாட்டு மாடு ஏராளம். காரணம் எளிது. ஒரு நோயோடு நூற்றுக்கணக்கான வருஷம் பழகினால்தான் இனத்துக்கு எதிர்ப்பு வரும். புதிதாக வந்த கிருமிக்கு நாட்டு மாடு என்ன, சீமை மாடு என்ன? கோமாரி நாட்டு மாட்டுக்கு லேசாக வரும், ஆனால் வரும், வந்தால் பக்கத்து வீட்டு மாட்டுக்கும் பரப்பும். ஆகவே கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசிகளை ஊரில் முகாம் போடும்போது தவறவிடாதீர்கள். உங்கள் பகுதியில் மழைக்கு முன்னும் பின்னும் தட்டைப்புழுவுக்கு மருந்து கொடுத்தே ஆக வேண்டும், உம்பளச்சேரிக்கும்தான். கடையில் கேட்டு வாங்கும் சாதாரண உருண்டைப்புழு மருந்து இதற்கு வேலை செய்யாது, சாணத்தைப் பரிசோதித்து மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வருமானத்துக்கு வருவோம். பாலில் கொழுப்பு நாலரை, ஐந்து சதவீதம் இருக்கும் என்பதால் பால் கூட்டுறவுச் சங்கத்தில் லிட்டருக்குக் கொஞ்சம் கூட விலை கிடைக்கலாம். அளவு இரண்டு லிட்டர் என்றால் அந்தக் கூடுதல் எங்கே தெரியும்? ஏ2 பால் என்று சொல்லி நகரத்தில் நூறு ரூபாய்க்கு மேல் விற்பவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். நம் மாடுகளின் பாலில் பெரும்பாலும் ஏ2 வகைப் புரதம்தான் என்பது உண்மை. அதனால் இந்த நோய் தீரும், அந்த நோய் வராது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 என்று போட்டு விற்காதீர்கள் என்று உத்தரவு போட்டு, ஒரே வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த நிலையில் இருக்கும் ஒரு வியாபாரத்தை நம்பி முத்துப்பேட்டையிலிருந்து தினமும் பால் அனுப்பப் போகிறீர்களா?

இந்த மாட்டில் வருமானம் கன்றிலும் எருவிலும்தான். நல்ல அடையாளமுள்ள காளைக் கன்றுக்குக் கிராக்கி இருக்கிறது. எரு உங்கள் உப்பு மண்ணுக்கே தேவை, சாணமும் மட்கிய குப்பையும் சேரச் சேர அந்த மண் கொஞ்சம் கொஞ்சமாகப் பொலபொலப்பாகி, மழையில் உப்பு கீழே இறங்க வழி கிடைக்கும். வீட்டுக்குப் பால், மோர். ஆகக்கூடி இது செலவு குறைந்த மாடு. வரவு அதிகமுள்ள மாடு என்று எண்ணி இறங்கினால் கணக்கு இடிக்கும்.

தீவனத்தை ஒரு தரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உம்பளச்சேரிப் பசு தினம் ஆறேழு கிலோ காய்ந்த தீவனத்தில் நிற்கும். நாலு மாட்டுக்கு வருஷத்துக்குப் பத்து டன். உங்கள் நல்ல நிலம் இரண்டரை ஏக்கரில் ஒரு போக வைக்கோல் நான்கைந்து டன் தேறும், அதையும் மிஷின்காரர் அறுத்த அன்றே லாரிக்காரரிடம் பேசிவிடாமல் போர் போட்டு வைத்தால்தான். மீதி மேய்ச்சலில் இருந்து வர வேண்டும். உப்பு நிலத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நீர்ப்புல் நட்டு விடுங்கள், தேக்கத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கும். வரப்போரம் மேடாக இருக்கும் இடத்தில் அகத்தி. சீமைக் கருவேலம் இருந்தால் வெட்டித் தூரோடு எடுத்தால்தான் அடியில் புல் வரும். ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு மிச்சம் இருக்கிறதா, மேய்க்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். இரண்டும் இல்லை என்றால் நாலு வேண்டாம், இரண்டோடு தொடங்குங்கள்.

வாங்கும்போது சந்தைக்குப் போகாமல் மந்தைக்குப் போங்கள். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கொருக்கையில் அரசுக் கால்நடைப் பண்ணை உம்பளச்சேரி மந்தை வைத்திருக்கிறது. அங்கே விசாரித்தால் விற்பனை இருக்கிறதா என்றும் தெரியும், யார் யாரிடம் நல்ல மாடு இருக்கிறது என்றும் தெரியும். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன், மாடு காலையில் மேயப் போகும்போது கூட நடந்து பாருங்கள். கட்டிப்போட்டுத் தவிடும் புண்ணாக்கும் வைத்துப் பளபளப்பாக்கிய மாடு உங்கள் வீட்டு உப்புப் புல்லைப் பார்த்து முகம் திருப்பும். இரண்டாவது, மூன்றாவது ஈத்துப் பசு, கன்றோடு வாங்குங்கள். கன்று இருந்தால் பால் இறங்கும், சினை பிடிக்கும் மாடு என்பதற்கும் அதுவே சாட்சி. சுழி பார்ப்பது உங்கள் விருப்பம், நான் குளம்பையும் பல்லையும் பார்ப்பேன்.

இனம் நிலைக்க வேண்டுமென்றால் காளை முக்கியம். ஊரில் அசல் பொலிகாளை இல்லையென்றால் சினை ஊசிக்குச் சொல்லும்போதே உம்பளச்சேரி ஊசிதான் வேண்டும் என்று கேளுங்கள், கைவசம் இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லி அடுத்த பருவம் வரை காத்திருங்கள். அவசரத்துக்கு ஜெர்சி போட்டுக்கொண்டால் இரண்டு தலைமுறையில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். நாலு மாட்டுக்குள்ளேயே அண்ணன் தங்கை சேர்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரளத்தில் வெச்சூர்ப் பசு அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த நேரத்தில், 1989ல் கால்நடை விஞ்ஞானி சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடிக் கிடைத்த சில உருப்படிகளை வைத்தே மந்தையை மீட்டார்கள். அவர்களுக்கு இருந்த பெரிய கவலைகளில் இந்த நெருங்கிய ரத்தக் கலப்பும் ஒன்று. நல்லவேளையாக உம்பளச்சேரி அந்த நிலைமைக்கு இன்னும் போகவில்லை, பக்கத்து ஊர்க் காளை உங்களுக்குக் கிடைக்கும்.

புயல் காலத்துக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். 2018 நவம்பரில் கஜா வந்தபோது உங்கள் வட்டாரத்தில் கட்டுத்தரையிலேயே செத்த மாடுகள் பல. எச்சரிக்கை வந்ததும் மேடான இடத்துக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் மாதாமாதம் பால் பணம் வந்தே ஆக வேண்டும் என்பதுதான் உங்கள் நிலைமை என்றால், கலப்பினத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் சீமை ரத்தம் பாதியை ரொம்பத் தாண்டாத மாடாகப் பாருங்கள். அரசின் கொள்கையே 50 முதல் 62.5 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது, ஊசி போடுபவர் ஏற்றிக்கொண்டே போகாமல் நீங்கள்தான் கேட்டு நிறுத்த வேண்டும். உயரமான கூரை, சேறு நிற்காத தளம், பகலில் தண்ணீர் தெளிக்க வசதி, உண்ணிக்கு முறையான மருந்து. இவற்றோடு ஒரே ஒரு கறவை, கூடவே மேய்ச்சலுக்கு ஒன்றிரண்டு உம்பளச்சேரி என்று ஆரம்பித்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்துவிட்டு எதைக் கூட்டுவது என்று முடிவெடுங்கள்.